எந்தக் கல்?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் பாலம் கட்டியதையும் கம்பெனி தொடங்கியதையும் பற்றிப் பேசினார்கள். நான் பேசப்போவது நாய் மூத்திரத்தைப் பற்றி. சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "எல்லாருக்கும் உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்றார். நம் செட் நண்பர்கள் குழுவில் வருகிற புகைப்படங்களைப் பார்த்தேன். பாதிப் பேர் வீட்டில் ஷீ ட்ஸூ, பக், பொமரேனியன், லாசா ஆப்ஸோ. 2020 ஊரடங்குக்குப் பிறகு அடுக்குமாடி வீடுகளில் இந்தச் சின்ன நாய்கள் பெருகிவிட்டன. இவற்றுக்கு அடிக்கடி வருகிற, கவனிக்காமல் விட்டால் உயிரையே எடுத்துவிடுகிற ஒரு கோளாறு, சிறுநீரில் படிகம் சேர்ந்து கல்லாவது. ஆகவே இதுதான் உபயோகமான பேச்சு என்று முடிவு செய்தேன்.

நான் டாக்டர் இல்லை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை பார்க்கிற பொறியாளன். அங்கே கசடு செரிமானத் தொட்டியிலிருந்து வெளிவரும் நீர் போகிற குழாய்களில், குறிப்பாக வளைவுகளில், வெள்ளையாக ஒரு கல் பிடிக்கும். ஆறு அங்குலக் குழாய் இரண்டு அங்குலமாகிவிடும். அதன் பெயர் ஸ்ட்ரூவைட். மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்த உப்பு. 1845-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இதை விவரித்தவர்கள், ஸ்ட்ரூவ என்ற புவியியலாளரின் பெயரை இதற்கு வைத்தார்கள். எத்தனையோ குழாய்களில் இதைச் சுரண்டியும் அமிலம் ஊற்றியும் எடுத்திருக்கிறேன். 2022-இல் எங்கள் வீட்டு நாயின் பரிசோதனைச் சீட்டில் அதே பெயர் எழுதியிருந்தது. குழாய் மாறியிருக்கிறது, கல் மாறவில்லை.

இரண்டு நாய்களின் கதை

எங்கள் வீட்டு நாய் 'மிளகு'. பெண் ஷீ ட்ஸூ, 6 கிலோ. ஒரு வாரமாகப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உட்காரும், நாலு சொட்டுப் போகும், கடைசிச் சொட்டில் இரத்தம். கால்நடை மருத்துவர் சிறுநீரைப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார். பைக்குள் மூன்று கற்கள். சோதனையில் கிருமி இருந்தது. "அறுவை வேண்டாம், கரைச்சிடலாம்" என்று மருந்தும் அதற்கான உணவும் கொடுத்தார். மாதம் ஒரு எக்ஸ்ரே. இரண்டாவது மாதம் பை சுத்தமாக இருந்தது.

இதை மேல் வீட்டுப் பெரியவர் லிஃப்டில் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர் வீட்டில் 'டாமி', எட்டு வயது ஆண் லாசா ஆப்ஸோ. அதுவும் அடிக்கடி காலைத் தூக்குகிறது, சிறுநீரில் படிகம் என்று எங்கோ ஒரு சீட்டும் இருக்கிறது. அவரே கடைக்குப் போய் அதே உணவுப் பையை வாங்கி வந்துவிட்டார். மூன்று வாரம் கழித்து ஒரு ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினார்.

"தம்பி, காலைலேருந்து டாமி காலைத் தூக்கித் தூக்கி நிக்கறான். ஒரு சொட்டுகூட வரலை. இப்போ வாந்தி எடுக்கறான்."

"சார், சாவியை எடுத்துட்டு வர்றேன். அவனைப் போர்வையில சுத்தி எடுத்துக்குங்க."

இரவு முழுக்கத் திறந்திருக்கும் மருத்துவமனையில் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே முகம் மாறியது. சிறுநீர்ப்பை பந்து மாதிரி இறுகியிருந்தது. ஆண் நாயின் குறிக்குள் ஒரு சின்ன எலும்பு உண்டு. சிறுநீர்க் குழாய் அந்த எலும்பின் பள்ளத்தில் போவதால் அங்கே விரிய முடியாது. கல் உருண்டு வந்து சரியாக அந்த எலும்பின் முனையில் சிக்கிக்கொள்ளும். முழு அடைப்பு என்றால் வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். டாமிக்கு மெல்லிய குழாய் விட்டு, உப்புநீரைப் பாய்ச்சி, கல்லைப் பின்னால் தள்ளி வழி திறந்தார்கள். இரண்டு நாள் கழித்து அறுவை செய்து ஒன்பது கற்களை எடுத்தார்கள். பகுப்பாய்வில் வந்த பெயர் கால்சியம் ஆக்ஸலேட். அதைக் கரைக்கிற உணவு உலகத்திலேயே கிடையாது.

அந்தக் கல் டாமியின் பையில் முன்பே இருந்தது, உணவுதான் உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. ஆனால் மூன்று வாரம் போய்விட்டது. பெரியவர் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. பாசத்தில் செய்தார். அவர் கேட்காமல் விட்டது ஒரே ஒரு கேள்வி: எந்தக் கல்? இன்று நான் சொல்ல வந்ததும் அந்த ஒரு கேள்விதான்.

உப்பளம் சொல்லும் பாடம்

தூத்துக்குடிப் பக்கத்து நண்பர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உப்பளத்தில் கடல்நீரை வெயிலில் விட்டுப் பாமே மானியால் அளந்துகொண்டே இருப்பார்கள். 25 பாமே வந்தால் உப்பு இறங்கும். அதற்கு முன்னாலேயே ஜிப்சம் இறங்கிவிடும். ஒரே தண்ணீர்தான், ஆனால் ஒவ்வொரு உப்புக்கும் ஒரு நேரம், ஒரு நிலைமை. சிறுநீர்ப்பையும் ஓர் உப்பளம்தான். சிறுநீர் எவ்வளவு கெட்டியோ, எவ்வளவு நேரம் பையில் தங்குகிறதோ, அமிலமா காரமா என்பதெல்லாம் சேர்ந்து எந்த உப்பு இறங்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஒரு தடவை விதை விழுந்துவிட்டால், கற்கண்டுக்கு நூல் போட்ட மாதிரி, அதைச் சுற்றி அடுக்கடுக்காக வளரும்.

சின்ன நாய்களுக்கு இது ஏன் அதிகம்? 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் மினியேச்சர் ஷ்னாசரையும் லாப்ரடாரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சின்ன நாய் உடல் எடைக்குக் குறைவாகச் சிறுநீர் கழிக்கிறது, தடவைகளும் குறைவு. அதாவது தேக்கம் அதிகம். கூலிங் டவரில் ப்ளோடவுன் வால்வை மூடி வைத்தால் என்ன ஆகும் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும்.

நாய்களில் நாலு வகைக் கற்களை முக்கியமாகப் பார்க்கிறார்கள்.

முதலாவது ஸ்ட்ரூவைட். நாய்களில் இது பெரும்பாலும் கிருமித் தொற்றால் வருவது, பெண் நாய்களில் அதிகம். சில கிருமிகள் சிறுநீரிலுள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. பி.எச். ஏறுகிறது, ஸ்ட்ரூவைட் இறங்குகிறது. எங்கள் கசடுத் தொட்டியில் நடப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இரண்டாவது கால்சியம் ஆக்ஸலேட். நடுவயது தாண்டிய ஆண் சின்ன நாய்களில் அதிகம். கரையாது, எடுத்தாலும் திரும்ப வருகிற குணம் உண்டு.

மூன்றாவது யூரேட். கல்லீரலைச் சுற்றிக்கொண்டு இரத்தம் வேறு பாதையில் போகிற பிறவிக் குறை உள்ள நாய்களில் வரும். யார்க்ஷயர் டெரியர் இதற்குப் பேர் போனது.

நான்காவது சிஸ்டின், பரம்பரையாக வருவது. டாஷ்ஹண்ட் போன்ற இனங்களில், பெரும்பாலும் ஆண் நாய்களில். 1810-இல் வில்லியம் உல்லஸ்டன் என்ற ஆங்கில வேதியியலாளர் ஒரு மனிதரின் சிறுநீர்ப்பைக் கல்லிலிருந்துதான் இந்தப் பொருளையே கண்டுபிடித்தார்.

மாதிரி எடுப்பது எப்படி?

பொறியாளர்கள் என்ற முறையில் நமக்குத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. மாதிரி சரியில்லை என்றால் அளவீடும் சரியில்லை. சிறுநீரைப் பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்துச் சாயங்காலம் ஆய்வகத்துக்குக் கொடுத்தால், நாயின் உடம்பில் இல்லாத படிகம் பாட்டிலுக்குள் பிறந்துவிடும். குளிரக் குளிரக் கரைதிறன் குறையும் என்பது முதலாண்டுப் பாடம். ஆகவே பிடித்த அரைமணி, ஒரு மணி நேரத்துக்குள் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்தது ஃப்ரிட்ஜில் இருந்த மாதிரி என்றால் புதிய மாதிரியில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, படிகம் இருந்தால் கல் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. நல்ல ஆரோக்கியமான நாயின் சிறுநீரிலும் கொஞ்சம் ஸ்ட்ரூவைட் படிகம் தெரியலாம். தொற்றும் இல்லை, கல்லும் இல்லை என்றால் அதற்கு வைத்தியமே வேண்டியதில்லை. கல் இருக்கும்போது படிகம் தெரியாமலும் போகலாம். படிகம் ஒரு வகையாகவும் கல் வேறு வகையாகவும்கூட இருக்கலாம். ஆகவே சீட்டில் உள்ள ஒரு வரியை வைத்து முடிவு கட்டக்கூடாது. எக்ஸ்ரே வேண்டும். ஸ்ட்ரூவைட்டும் ஆக்ஸலேட்டும் அதில் பளிச்சென்று தெரியும். யூரேட், சிஸ்டின் மங்கலாகவோ தெரியாமலோ போகும், அதற்கு ஸ்கேன் தேவை. கிருமி வளர்ப்புச் சோதனையும் வேண்டும். கல் வெளியே வந்துவிட்டால், அது தானாக வந்த கடுகளவாக இருந்தாலும், பகுப்பாய்வுக்கு அனுப்ப வேண்டும். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1981-இல் இதற்கென்றே ஒரு மையம் தொடங்கினார்கள். இதுவரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கற்களை அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். கல்லைக் குப்பையில் போடுகிறவன் அடுத்த கல்லுக்குக் கடிதம் போட்டு வரச் சொல்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லுக்கு ஏற்ற வைத்தியம்

ஸ்ட்ரூவைட் என்றால் கரைக்கலாம். கிருமிக்கு மருந்து, கூடவே மக்னீசியமும் பாஸ்பரஸும் குறைந்த, சிறுநீரை அமிலப் பக்கம் தள்ளுகிற உணவு. சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதம் வரை ஆகலாம். அந்தக் காலத்தில் வேறு எதையும் ஊட்டக்கூடாது, பாட்டி கொடுக்கிற பிஸ்கட் உட்பட. மருந்தை டாக்டர் சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். கரைகிற கல் சிறிதாகிக் குழாயில் சிக்கலாம் என்பதால், ஆண் நாயானால் கண்காணிப்பு கூடுதலாக வேண்டும். பிறகு திரும்ப வராமல் தடுப்பது என்பது தொற்றைத் தடுப்பதுதான். ஆயுள் முழுக்க அந்த உணவு என்பதல்ல.

ஆக்ஸலேட் என்றால் எடுத்தே ஆகவேண்டும். அறுவை ஒரு வழி. லேசரால் உடைப்பது இன்னொன்று. கல் சின்னதாக இருந்தால், நாயை மயக்கத்தில் நிமிர்த்திப் பிடித்து, பையில் உப்புநீர் நிரப்பி அழுத்தி வெளியேற்றுகிற முறை உண்டு. 1993-இல் இதை வெளியிட்டவர்களும் மின்னசோட்டாக்காரர்கள்தான். எடுத்த பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்த்தால், அடுத்த கல்லைச் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம், கத்தி தேவைப்படாது. சிறுநீர் தொடர்ந்து அமிலமாக இருந்தால் டாக்டர் பொட்டாசியம் சிட்ரேட் கொடுப்பார்.

யூரேட்டுக்குக் கல்லீரலைப் பார்க்க வேண்டும், ப்யூரின் குறைந்த உணவு வேண்டும். ஈரல் போன்ற உறுப்பு மாமிசங்கள் கூடாது. சிஸ்டினுக்கு உணவு, தனி மருந்து, ஆண் நாய்க்குக் கருத்தடை அறுவை என்று வழி இருக்கிறது.

இப்போது கவனியுங்கள். ஸ்ட்ரூவைட்டுக்கு அமிலப் பக்கம். மற்ற மூன்றுக்கும் அமிலம் ஆகாது. நம் வீடுகளில் மனிதர்களுக்கு நீர்க்கடுப்புக்கு வாங்கி வைத்த காரத்தன்மை தரும் சிரப் இருக்கும். "இதுதானே, ரெண்டு ஸ்பூன் குடுப்போம்" என்று ஸ்ட்ரூவைட் உள்ள நாய்க்குக் கொடுத்தால் கல்லுக்குச் சோறு போட்ட மாதிரி. வைட்டமின் சி மாத்திரை உடம்பில் ஆக்ஸலேட்டாக மாறும். வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சிக் கஷாயமும் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கல் எது என்று தெரியாமல், அடைப்பு இருக்கிறதா என்று தெரியாமல், எதையும் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில்.

எல்லாக் கல்லுக்கும் பொதுவான மருந்து

ஆனால் நாலு கல்லுக்கும் ஒத்துப்போகிற ஒரு மருந்து உண்டு. தண்ணீர். கரைசலை நீர்க்க வைத்தால் எந்த உப்பும் இறங்காது. 2016-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ வல்லுநர் குழு வெளியிட்ட வழிகாட்டுதல், கல் வரும் நாய்களின் சிறுநீர் ஒப்படர்த்தியை 1.020-க்கு மேல் போகவிடாதீர்கள் என்கிறது. உப்பளத்துப் பாமே மானி செய்கிற அதே வேலையை, டாக்டர் ஒரு சொட்டுச் சிறுநீரை வைத்து ஒளிவிலகல்மானியில் செய்துவிடுவார். இதை ஒவ்வொரு தடவையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 5 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு உணவிலிருப்பதையும் சேர்த்து 250 முதல் 300 மில்லி தண்ணீர் வேண்டும். அது தின்னும் உலர் பாக்கெட் உணவு சுமார் 90 கிராம். அதில் 10 சதவீதம் ஈரம், அதாவது 9 மில்லி. அதே சத்துக்கு டப்பாவில் வரும் ஈர உணவு என்றால் சுமார் 350 கிராம் வேண்டும். அதில் முக்கால் பங்கு தண்ணீர், அதாவது 260 மில்லி. குடிக்காமலே கணக்கு முடிந்தது! விலை கட்டுப்படியாகாது என்றால் உலர் உணவிலேயே வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊறவைத்துக் கொடுங்கள். நம் வெயிலுக்கு ஊறிய உணவு சீக்கிரம் கெடும். அரைமணியில் தட்டை எடுத்துவிட வேண்டும்.

வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள், தினமும் கழுவுங்கள். கோழி வேகவைத்த தண்ணீரைக் கொஞ்சம் கலக்கலாம். ஆனால் அதில் உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இருக்கக்கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும், திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாகம் எடுக்கட்டும் என்று உப்பை அள்ளிப் போடாதீர்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் தானாகவே குடித்தால் அது வேறு நோயின் அறிகுறி, டாக்டரிடம் போங்கள்.

இன்னொரு பாதி வெளியேற்றம். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் நாய் காலை எட்டு மணியிலிருந்து ராத்திரி எட்டு மணி வரை அடக்கி வைத்திருக்கும். பன்னிரண்டு மணி நேரம் தேங்கினால் குட்டையில் என்ன படியுமோ அதுதான் பையிலும் படியும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வெளியே விட ஏற்பாடு செய்யுங்கள். மதியம் வருகிற பணியாளரோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ போதும்.

"போர்த் தண்ணி உப்பா இருக்கே, அதனாலயா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். இதற்கும் கணக்குப் போட்டுவிடலாம். கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வையுங்கள். அது முழுவதும் கால்சியம் கார்பனேட் என்றே எடுத்துக்கொண்டாலும் லிட்டருக்குக் கால்சியம் 120 மில்லிகிராம். நாய் 250 மில்லி குடித்தால் 30 மில்லிகிராம். அது தின்னும் 90 கிராம் உணவில் ஒரு சதவீதம் கால்சியம் என்றால் 900 மில்லிகிராம். முப்பது எங்கே, தொள்ளாயிரம் எங்கே! எந்தத் தண்ணீரை விரும்பிக் குடிக்கிறதோ அதைக் கொடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வாங்குகிற காசில் ஓர் எக்ஸ்ரே எடுக்கலாம்.

எப்போது ஓட வேண்டும்?

அடிக்கடி உட்காருவது, சொட்டுச் சொட்டாகப் போவது, சிவப்பு, வீட்டுக்குள் திடீரென்று போய்விடுவது, குறியை நக்கிக்கொண்டே இருப்பது, இவை கண்டால் அன்றோ மறுநாளோ டாக்டரிடம் போக வேண்டும். முக்கியும் ஒரு சொட்டும் வரவில்லை என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது, அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், பை கிழியலாம். தண்ணீரைப் புகட்டாதீர்கள், போக வழியில்லாத இடத்தில் மேலும் நிரப்பக் கூடாது. இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை உங்கள் பகுதியில் எது என்று இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டாமிக்கு இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. ஊறவைத்த உணவு, நாளுக்கு ஐந்து நடை, நாலு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். பெரியவர் ஒரு பள்ளிக்கூட நோட்டில் ஒவ்வொரு தடவையும் ஒப்படர்த்தியைக் குறித்து வைத்திருக்கிறார். கடைசி மூன்று வரிகளும் 1.020-க்குக் கீழே. "தம்பி, பாஸா?" என்று கேட்பார். "பாஸ், சார்" என்பேன்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கரைதிறன், பி.எச்., ஒப்படர்த்தி என்று இங்கே படிக்கிறபோது, "இதெல்லாம் எங்கே உதவப் போகுது?" என்று நாங்களும் பின்பெஞ்சில் பேசியதுண்டு. எங்கே உதவும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் எந்தச் சிக்கல் வந்தாலும், தீர்வைக் கடன் வாங்குவதற்கு முன்னால் உங்கள் சிக்கலும் அதே சிக்கல்தானா என்று பாருங்கள். பக்கத்து வீட்டில் பலித்த மருந்து நம் வீட்டிலும் பலிக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கல் எது என்று முதலில் கேளுங்கள். வாயில்லா ஜீவனுக்காக அந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.